மலை ரயிலில் ஒரு நாள்: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் குடும்பத்தோடு போய்வர முழு வழிகாட்டி

எங்கள் வீடு காரமடையில். மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்துக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. பள்ளி விடுமுறை தொடங்கியதும் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் உறவினர் வந்து இறங்குவார்கள். பையைக் கீழே வைக்கும்போதே, "மலை ரயிலில் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போ" என்று குழந்தைகள் ஆரம்பித்துவிடும். கைக்குழந்தையோடும் போயிருக்கிறேன், முழங்கால் வலிக்காரரான பெரியப்பாவோடும் போயிருக்கிறேன். இத்தனை முறை போனதில் எனக்குத் தெளிவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் போய்வரப்போகிறீர்கள் என்றால், ஊட்டியைப் பார்க்கப் போகாதீர்கள்; ரயிலைப் பார்க்கப் போங்கள். ஊட்டியில் ஒரே ஓர் இடம் போதும்.

கணக்கைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் ரயில் ஊட்டி போய்ச் சேர நண்பகல் ஆகிவிடும். 46 கி.மீ. தூரத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அங்கிருந்து கீழே வரும் ரயில் பிற்பகல் 2 மணிக்கே புறப்பட்டுவிடும். மேட்டுப்பாளையம் வர மாலை ஐந்தரை தாண்டும். இரண்டு பக்கமும் ரயில் என்றால் ஊட்டியில் கிடைப்பது இரண்டே மணி நேரம்.

சித்தப்பா குடும்பத்தை முதல்முறை அழைத்துப்போனபோது இந்தக் கணக்கை நான் போடவில்லை. ஆசையோடு இரு பக்கத்துக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். இறங்கி, சாப்பிட இடம் தேடி, ஏழு பேருக்கும் இலை போட்டு எழுந்தபோது மணி ஒன்றே கால். பூங்காவைப் பார்க்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த சித்தி அதன் வாசலைக்கூடப் பார்க்கவில்லை. திரும்பும் ரயிலில் பிள்ளைகள் வெலிங்டன் வருவதற்குள் தூங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து என் வழக்கம் இதுதான்: ஏறும்போது ரயில், இறங்கும்போது பஸ்.

ஏறும்போதுதான் ரயில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த எஞ்சின் உண்மையில் பாடுபடுவது ஏற்றத்தில்தான். அதன் மூச்சும் சத்தமும் ஆவியும் அப்போதுதான் முழுசாகக் கிடைக்கும். காலை நேரம் என்பதால் பிள்ளைகளும் விழித்திருப்பார்கள். இறங்குவதற்குப் பஸ் என்றால் நேரம் நம் கையில்.

டிக்கெட்டும் நாளும்

ரயில்வே முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்னால் திறக்கிறது. ஏப்ரல், மே மாதங்களுக்கும், தீபாவளி, பொங்கல் விடுமுறைகளுக்கும் திறக்கும் நாள் காலையிலேயே ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். நிலையங்களின் குறியீடுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: மேட்டுப்பாளையத்துக்கு எம்.டி.பி., குன்னூருக்கு ஓ.என்.ஆர்., ஊட்டிக்கு யூ.ஏ.எம். ரயில்வே கணக்கில் ஊட்டி கிடையாது, உதகமண்டலம்தான். தளத்தில் ஊட்டி என்று தேடி, ரயிலே இல்லை என்று விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று இரண்டு உண்டு. முதல் வகுப்பில் இருக்கை மெத்தையாக இருக்கும், நெருக்கம் குறைவு. பெரியவர்களுக்கு அது நல்லது. பிள்ளைகளுக்கு இரண்டாம் வகுப்பே போதும். எதிரெதிர் இருக்கையில் முழங்காலோடு முழங்கால் உரச உட்கார்ந்து போவதில் ஒரு கலகலப்பு இருக்கிறது. எந்தப் பக்கம் ஜன்னல் கிடைக்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 208 வளைவுகள் உள்ள பாதை இது. பள்ளத்தாக்கு சில நேரம் இந்தப் பக்கம் வரும், சில நேரம் அந்தப் பக்கம் வரும். ஜன்னல் இருக்கையை அரை மணிக்கு ஒரு முறை மாற்றிக்கொள்வது என்று கிளம்பும் முன்பே குடும்பத்தில் பேசி வைத்துவிட்டால் சண்டை வராது.

எந்த மாதம் என்று கேட்டால், ஜனவரி முதல் மார்ச் வரை என்பேன். காற்று தெளிவாக இருக்கும், கூட்டம் குறைவு. மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும். அழகுதான், ஆனால் ஊரே அங்கேதான் நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பாறையும் மண்ணும் தண்டவாளத்தில் சரிந்து, நாள்கணக்கில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் போவதானால் முந்தின நாள் இரவே செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரயில்வேயே ரத்து செய்தால் பணம் முழுவதும் திரும்பி வந்துவிடும்; அன்றைக்குப் பஸ்ஸில் ஏறிவிடலாம்.

டிக்கெட் கிடைக்கவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். காலையில் பஸ்ஸில் குன்னூர் போய், அங்கிருந்து ஊட்டிக்கு ரயில் ஏறுங்கள். இந்தப் பகுதியில் பகலில் சில தடவை ரயில் ஓடுகிறது, டிக்கெட்டும் எளிதில் கிடைக்கும். டீசல் எஞ்சின்தான் இழுக்கும்; செங்குத்தான ஏற்றத்தில் தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்களைக் கவ்வி ஏறும் பல்சக்கரம் கிடையாது. ஆனாலும் கேத்திப் பள்ளத்தாக்கும் தேயிலைத் தோட்டங்களும் குகைகளும் அதே பாதையில்தான் இருக்கின்றன. ஐந்து வயதுக்குக் கீழே இரண்டு மூன்று குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு நான் இதையே சொல்வேன். ஐந்து மணி நேரம் அவர்களை ஓர் இடத்தில் உட்கார வைப்பது கடினம்.

பையில் என்ன

இந்தப் பயணத்தில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு செய்தி: ரயிலில் கழிவறை இல்லை. வழியில் நிற்கும் நிலையங்களில்தான் போக வேண்டும். மேட்டுப்பாளையத்தில் எல்லோரும் ஒரு முறை போய்வந்த பிறகே ஏறுங்கள். காலையில் காப்பியை அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களிடம் இதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள். தெரியாமல் ஏறிவிட்டு அவர்கள் வாய் திறந்து சொல்லவும் கூச்சப்பட்டுத் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டில் உட்பட எதுவும் கூடாது. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தண்ணீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ளலாம். சாப்பாடும் டப்பாவில்தான். புளியோதரையும் தயிர் சாதமும் ஐந்து மணி நேரம் தாங்கும். சட்னி வேண்டாம், சிந்தும். தொட்டுக்கொள்ள வறுவலோ ஊறுகாயோ போதும். ரயிலில் நொறுக்குவதற்கு முறுக்கு, கடலைமிட்டாய்.

குளிருக்கு ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர். மேட்டுப்பாளையத்தில் வியர்க்கும்போது இதற்கு அவசியம் இருப்பதாகவே தோன்றாது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரம், ஊட்டி 2,203 மீட்டர். ஒரே காலைப்பொழுதில் அவ்வளவு உயரம் ஏறுகிறோம். ஸ்வெட்டரைப் பையின் அடியில் போடாமல் மேலாக வையுங்கள்; குன்னூரிலேயே எடுக்க வேண்டியிருக்கும். இறங்கும்போது பஸ்ஸில் குமட்டாமல் இருக்க இஞ்சி மரப்பாவும் ஓர் எலுமிச்சம்பழமும். வெள்ளைச் சட்டை மட்டும் யாருக்கும் போட வேண்டாம். எஞ்சின் கரி எங்கிருந்தாவது வந்து ஒட்டிவிடும்.

மேட்டுப்பாளையத்துக்கு எப்படி

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரவு சென்ட்ரலில் ஏறினால் விடியற்காலை மேட்டுப்பாளையம். மலை ரயிலைப் பிடிக்கத் தோதான நேரத்தில்தான் அது வரும். கோவையிலிருந்து 35 கி.மீ.; காந்திபுரத்திலிருந்து விடியற்காலையிலேயே பஸ் கிடைக்கும். ஆறே காலுக்குள் நிலையத்தில் இருங்கள். கார் வைத்திருப்பவர்கள் அதை மேட்டுப்பாளையத்திலேயே விட்டுவிடலாம். சொந்த வாகனத்தில் நீலகிரிக்குள் நுழைய 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சீக்கிரம் வரச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ரயில் கிளம்பும் முன் பிள்ளைகளை எஞ்சின் பக்கம் அழைத்துப் போங்கள். எஞ்சின் முன்னால் இருக்காது, கடைசியில் இருக்கும். குன்னூர் வரை ரயிலை அது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டுதான் போகும். முதல்முறை பார்க்கும் குழந்தைகள் எல்லோரும் "ரயில் தப்பான பக்கம் திரும்பி நிற்கிறது" என்பார்கள். ஏற்றத்தில் இணைப்பு ஏதும் விட்டுப்போனாலும் பெட்டிகள் கீழே உருண்டுவிடாமல் எஞ்சின் தாங்கிக்கொள்ளும் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

ஏற்றம்

முதல் சில கிலோமீட்டர் சாதாரண ரயில் மாதிரியே ஓடும். பவானி ஆறு, பாக்குத் தோப்புகள், தூரத்தில் சுவர் போல மலை. கல்லாறு வந்ததும் எல்லாம் மாறுகிறது. ரயில் வேகத்தைக் குறைத்து, கிட்டத்தட்ட நின்றே போய், கீழே இரும்பு எதையோ கவ்வுகிற ஒரு குலுக்கல் வரும். பேச்சை நிறுத்தி அதைக் கேளுங்கள்.

அங்கே நடப்பது இதுதான். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. எஞ்சினின் அடியில் உள்ள பல்சக்கரங்கள் அந்தப் பற்களில் பொருந்தி ஏறுகின்றன. இரண்டு பட்டைகளின் பற்களும் ஒரே வரிசையில் இருக்காது. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றொன்றின் பள்ளம் வரும்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு பல் பிடியை விடும்போது அடுத்தது பிடித்திருக்கும். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை இது. இந்தியாவில் பயணிகள் ரயில் பல்சக்கரத்தில் ஏறுவது இங்கே மட்டும்தான். சரிவு 12-க்கு 1 வரை போகிறது: 12 அடி முன்னே போனால் ஓர் அடி மேலே. வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தில் அவ்வளவு செங்குத்தாக ஏற முடியாது, வழுக்கிவிடும்.

எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் இரண்டு சிலிண்டர்களுக்குப் போய்ச் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அங்கே வேலை முடித்த அதே ஆவிதான் மற்ற இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது.  பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை. பின்னர் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதியவற்றைக் கட்டினார்கள். திருச்சியிலிருந்து வந்த என் அக்கா பையனுக்கு இதைச் சொன்னபோது, அன்று முழுக்க அது தன் வீட்டு எஞ்சின் என்பது போலவே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு சிறு மேடை இருக்கும். அதில் ஒரு பிரேக்மேன் நிற்பார். எஞ்சின் ஓட்டுநர் கடைசியில் இருப்பதால் எதிரே உள்ள பாதை அவருக்குத் தெரியாது. முன்பெட்டியில் நிற்பவர்தான் கண். அவர் பச்சைக் கொடி காட்ட, அடுத்த பெட்டிக்காரர் காட்ட, அப்படியே பின்னால் எஞ்சின் வரை அந்தச் செய்தி போகும். வளைவில் ரயில் நன்றாக வளையும்போது ஜன்னல் வழியே பார்த்தால், கொடிகள் ஒன்றன்பின் ஒன்றாக அசைவது தெரியும். தலையை வெளியே நீட்டாமல் பார்க்கச் சொல்லுங்கள்; குகைச் சுவர் மிக அருகில் வரும்.

குகைகள் மொத்தம் 16, பாலங்கள் 250. குகைக்குள் நுழைந்ததும் எல்லாப் பெட்டியிலும் பிள்ளைகள் கத்துவார்கள், அது இந்த ரயிலின் வழக்கம். கடைசிப் பெட்டியில் இருப்பவர்களுக்குப் புகை கொஞ்சம் வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் முன்பெட்டிகளில் இடம் பார்த்துக்கொள்ளலாம். பாலங்களில் ரயில் ஆள் நடக்கும் வேகத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் போகும். கீழே பாறைகளுக்கு நடுவே மெல்லிய கோடாக நீர் ஓடும். மழை பெய்து ஓய்ந்த வாரத்தில் போனால் அருவிகள் தண்டவாளத்தின் பக்கத்திலேயே விழும். சாரல் முகத்தில் படும்.

எஞ்சின் நிறையத் தண்ணீர் குடிக்கும். அதற்காக நடுவில் நிற்கும் இடங்களில் பெரியது ஹில்குரோவ். எல்லோரும் இறங்கலாம். பல்பட்டையை நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நடைமேடை ஓரத்தில் நின்று குனிந்தால் போதும். கறுத்த எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவே, ஒவ்வொரு பல்லின் முனை மட்டும் தேய்ந்து வெள்ளி போல மின்னும். தினமும் உரசுகிற இடம் அது. அக்கா பையன் அங்கே உட்கார்ந்து பற்களை எண்ணத் தொடங்கினான். விசில் அடித்தபோது நாற்பதுக்குமேல் போயிருந்தான், எழுந்து வர மனமே இல்லை.

ஹில்குரோவில் குரங்குகள் அதிகம். சாப்பாட்டுப் பையைத் திறக்காதீர்கள், கையில் பிஸ்கட்டோடு குழந்தையை இறக்காதீர்கள். பாவம் என்று எதையும் போடவும் வேண்டாம். நாம் போடும் தீனிக்குப் பழகித்தான் அவை மனிதர் கையைப் பறிக்கக் கற்றுக்கொண்டன. ஜன்னலையும் ஏற்றிவிட்டு இறங்குங்கள். கழிவறைக்குப் போக வேண்டியவர்கள் முதலில் அதை முடித்துவிட்டு, பிறகு டீ.

குன்னூரில் முடிவு

பத்தரை மணி வாக்கில் குன்னூர். இங்கே பல்சக்கரப் பாதை முடிகிறது. 1899-ல் ரயில் முதலில் வந்தது இதுவரைதான். ஊட்டிக்குப் பாதை எட்டியது 1908-ல். நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். பிறகு வண்டி சற்றுப் பின்னுக்குப் போய், வேறு தண்டவாளத்துக்கு மாறி, ஊட்டி நோக்கிக் கிளம்பும். வந்த வழியே திரும்பிப் போகிறோமா என்று புதியவர்கள் பதறுவார்கள், வேண்டாம்.

இந்த இடத்தில் குடும்பத்தைப் பார்த்து முடிவெடுங்கள். யாருக்காவது களைப்போ தலைவலியோ இருந்தால் குன்னூரிலேயே இறங்கிவிடுங்கள். நீராவி ரயிலைப் பார்த்தாகிவிட்டது, விட்டுப்போனது அதிகமில்லை. மேல் குன்னூரில் சிம்ஸ் பூங்கா இருக்கிறது, 1874-ல் தொடங்கியது. ஊட்டிப் பூங்காவைவிட எனக்குப் பிடித்தது இதுதான். பள்ளமும் மேடுமாக, உயர்ந்த பழைய மரங்களின் நிழலில், கூட்டமில்லாமல் உட்கார்ந்து கொண்டுவந்ததைச் சாப்பிடலாம். படிகள் இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் மேல் தளத்திலேயே இருந்துகொள்ளட்டும்.

தொடர்ந்து போகிறவர்களுக்கு இனி வருவது வேறு உலகம். காடு விலகி வெளிச்சம் வரும். வெலிங்டனில் ராணுவ மையம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, பிறகு கேத்தி. கேத்தியில் பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாகக் கேரட்டும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும். நடுநடுவே ஹட்டிகள் எனப்படும் படுகர் மக்களின் ஊர்கள், அவற்றில் ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். லவ்டேல் தாண்டினால் ஊட்டி வந்துவிட்டது.

ஊட்டியில் நான்கு மணி நேரம்

நண்பகலில் இறங்குகிறீர்கள். நான்கு, நான்கரைக்குப் பஸ் ஏற வேண்டும். படகு இல்லம் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் சீசனில் வரிசையில் நின்றே பொழுது போய்விடும். 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டாவுக்கு வாடகை வண்டி பிடித்து, நெரிசலில் போய்த் திரும்புவதும் அப்படியே. இரண்டையும் விடுங்கள். தங்கும் பயணத்துக்கு அவை இருக்கட்டும்.

அரசு தாவரவியல் பூங்காவுக்கு மட்டும் ஆட்டோவில் போங்கள். 1848-ல் மெக்ஐவர் என்பவர் உருவாக்கத் தொடங்கிய தோட்டம். புல்வெளியில் துண்டை விரித்து முதலில் பெரியவர்களை உட்கார வையுங்கள். பிறகு பிள்ளைகளை மட்டும் கல்லாகிப்போன மரத்தண்டைப் பார்க்க அழைத்துப் போங்கள். இரண்டு கோடி ஆண்டுப் பழமையானது என்று பலகை சொல்லும். காலையில் வந்த ரயில் பாதைக்கு நூறு வயதுக்கு மேல் என்று வியந்த பிள்ளை, இங்கே கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கும். ஓடட்டும், புல்லில் உருளட்டும். ஐந்து மணி நேரம் மடக்கி வைத்த கால்கள் அவை.

திரும்பும் வழியில் வர்க்கி வாங்குங்கள், பிஸ்கட் போல மொறுமொறுப்பான ஊட்டித் தின்பண்டம் அது. கண்ணாடி அலமாரியில் இருப்பதைவிட, அடுப்பிலிருந்து அப்போது எடுத்ததைக் கேட்டு வாங்குவது மேல். டீயில் நனைத்துத் தின்ன வேண்டும்.

இறக்கம்

ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பஸ் நிலையம். மேட்டுப்பாளையம், கோவை பஸ்கள் அடிக்கடி உண்டு. இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம். குன்னூருக்குக் கீழே 14 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வரும் பிள்ளைகளைப் பின்சக்கரத்தின் மேல் இருக்கையில் உட்கார வைக்காதீர்கள். முன்பகுதியில், ஜன்னலோரம், பாதையைப் பார்த்தபடி. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். கைபேசியைப் பார்க்க விடவே வேண்டாம், அதுதான் குமட்டலைக் கிளப்புவது. மே மாதத்தில் வாகனங்களை ஒருவழிப் பாதையாக மாற்றி, இறங்குபவற்றைக் கோத்தகிரி வழியாக அனுப்புவது வழக்கம். அப்போது ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த வண்டியோ வாடகை வண்டியோ என்றால் குன்னூருக்குக் கீழே உள்ள பர்லியாரில் நிறுத்துங்கள். பழக்கடைகள் வரிசையாக இருக்கும். பருவத்தில் போனால் மங்குஸ்தான் கிடைக்கும். காம்புக்கு எதிர்ப்பக்கம் சிறு பூப் போன்ற தழும்பில் எத்தனை இதழ் இருக்கிறதோ, உள்ளே அத்தனை சுளை. உரிப்பதற்கு முன் எண்ணச் சொல்லுங்கள். ஊட்டியில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து வாடிப்போயிருந்த பிள்ளைகூட இதற்கு நிமிர்ந்து உட்காரும். தோலின் சாறு துணியில் பட்டால் கறை போகாது.

ஏழு மணிக்குள் மேட்டுப்பாளையம் வந்துவிடலாம். சென்னை போகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு 9 மணிக்கு மேல்தான்; சாப்பிட்டு, முகம் கழுவி, பிள்ளைகளுக்கு உடை மாற்ற நேரம் இருக்கிறது. காதுக்குப் பின்னாலும் கழுத்து மடிப்பிலும் பாருங்கள், கரி அங்கேதான் தங்கியிருக்கும்.